கூட்டமும் அதன் உருவமும்

சென்னையில் நடக்கும் சமூக நீதிக் கூட்டங்கள், விழாக்கள், தெரு நாடகங்கள் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னபோது, கவிஞராக இருக்கும் நண்பர் ஒருவர், 'அதில் விமர்சனத்துக்கு என்ன இருக்கிறது? நல்ல காரியம் செய்கிறார்கள், செய்துவிட்டுப் போகட்டும்' என்றார். அவரை அறிந்தவர்களுக்கு இந்தப் பெருந்தன்மை ஆச்சரியமாக இருக்கும். ஒரு கவிதையில் ஒரு அடைமொழி மிகையாக விழுந்துவிட்டால் ஒரு வாரம் தூக்கம் கெடுகிறவர் அவர். வீடிழந்தவர்களுக்காக நடக்கும் கூட்டம் ஒன்றில் மூன்று மணி நேரமும் மிகையாகவே விழுந்தாலும் அவருக்கு ஆட்சேபணை இல்லை. அது அவர் கணக்கிலேயே வரவில்லை என்பதுதான் காரணம். இந்தப் பெருந்தன்மைக்குள் இருப்பது அலட்சியம் என்றே எனக்குப் படுகிறது.

கூட்டம் நடத்துகிறவர்களும் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். 'வீட்டை இடித்துக்கொண்டிருக்கிறார்கள், பாதாளச் சாக்கடைக்குள் ஆள் செத்துக்கொண்டிருக்கிறான், இந்த நேரத்தில் உருவமாவது ஒன்றாவது' என்கிறார்கள். ஆக, இரு தரப்புக்கும் ஒரு விஷயத்தில் ஒற்றுமை. உருவம் என்பது கவிதைக்கு உண்டு, கூட்டத்துக்குக் கிடையாது. சிறுபத்திரிகைகளில் உருவம், உள்ளடக்கம் என்று இத்தனை வருஷங்கள் சண்டை போட்டதன் பலன் இந்த ஒற்றுமைதானா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

என் அபிப்பிராயம் இதற்கு நேர் எதிரானது. கவிதையில் உருவம் தவறினால் ஒரு கவிதை கெடும், அவ்வளவே. கூட்டத்தில் உருவம் தவறினால், எந்த ஏற்பாட்டை எதிர்த்து ஜனங்கள் கூடினார்களோ அந்த ஏற்பாடே மேடையேறி நடு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளும். யார் எங்கே உட்காருகிறார்கள், யார் கையில் மைக் எவ்வளவு நேரம் இருக்கிறது, சொல்லப்படுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் எழுந்து 'அது அப்படி இல்லை' என்று சொல்ல இடம் இருக்கிறதா – இவையெல்லாம் நிர்வாக விவரங்கள் என்று தள்ளக் கூடியவை அல்ல. ஒரு கூட்டம் நிஜமாகவே என்ன சொல்கிறது என்பது இவற்றில்தான் தெரிகிறது.

நான் இதை யோசிக்க ஆரம்பித்தது ஒரு குறிப்பிட்ட கூட்டத்தில். 2000ஆம் வருஷத்தில் கண்ணகி நகரில் தொடங்கி, செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று, ஆற்றங்கரைகளிலிருந்தும் நகரத்தின் நடுவே இருந்த குடிசைப் பகுதிகளிலிருந்தும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெற்கு ஓரத்துக்கு அனுப்பப்பட்டது எல்லோருக்கும் தெரியும். அப்படிப் போனவர்களின் கஷ்டங்களைப் பற்றிச் சில மாதங்களுக்கு முன் ஒரு சிறிய அரங்கில் கூட்டம் நடந்தது. நடத்தியவர்கள் யார் என்பது முக்கியமில்லை. நல்லவர்கள். வங்கியில் அன்றைய கணக்கை முடித்துவிட்டு நான் போய்ச் சேர ஆறரை மணி ஆகிவிட்டது. கூட்டமும் அப்போதுதான் ஆரம்பித்தது. மேடையில் ஏழு நாற்காலிகள். வந்திருந்த பெண்கள் பலரும் கடைசி வரிசைகளில், குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு, போகிற பஸ்ஸை நினைத்து அடிக்கடி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வரவேற்புரை, தலைமையுரை, பொன்னாடைகள் எல்லாம் முடிந்து 'பாதிக்கப்பட்டோர் குரல்' என்ற அங்கம் வந்தது. ஐந்து பேர், ஆளுக்கு மூன்று நிமிஷம். மூன்றாவதாக வந்த அம்மாள், தொகுப்பாளர் எதிர்பார்த்த மாதிரி ஆரம்பிக்கவில்லை. இடித்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். முன்பு நாலு வீட்டில் வேலை. விடியற்காலையில் இரண்டு, பத்து மணிக்கு மேல் இரண்டு, நடுவில் வீட்டுக்கு வந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப முடியும். இப்போது அங்கிருந்து வருவதற்கே ஒன்றரை மணி நேரம். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் இருக்கிறதுதான், ஆனால் காலையில் வேலைக்காரம்மாவுக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள், அதனால் ஒரு நாளைப்போல ஷேர் ஆட்டோ. விடியற்காலை வீடுகள் இரண்டும் போய்விட்டன. ஆக, வருமானத்தில் இவ்வளவு குறைந்தது, ஆட்டோவுக்கு இவ்வளவு, வீட்டுக்கு மாதப் பராமரிப்புக் கட்டணம் இவ்வளவு, மிச்சம் – இந்த இடத்தில் மணி அடித்துவிட்டது. தொகுப்பாளர் மிக மரியாதையாக, 'அம்மா, நேரம்' என்றார். அந்த அம்மாள் கூட்டிக்கொண்டிருந்த தொகை வாயிலேயே நின்றுவிட்டது. நன்றி சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அதற்குப் பிறகு சிறப்பு விருந்தினர் முக்கால் மணி நேரம் பேசினார். பேச்சின் நடுவே, 'இந்த மேடையில் ஒரு தாய் சிந்திய கண்ணீர்' என்றார். அந்த அம்மாள் அழவே இல்லை. கூட்டத்தில் பலத்த கைதட்டல். கடைசி வரிசையில் அவரும் கை தட்டினார்.

கவுன்ட்டரில் உட்கார்ந்து பதினோரு வருஷங்களாக மற்றவர்களின் கணக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறவன் நான். ஒருவர் தன் வாழ்க்கையைக் கணக்காகச் சொல்ல ஆரம்பித்தால் அது எவ்வளவு தீவிரமான பேச்சு என்று எனக்குத் தெரியும். கடன் கேட்டு வருகிறவர் அழுதால் நான் தண்ணீர் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க முடியும். அவர் கணக்குச் சொன்னால் பதில் சொல்லியாக வேண்டும். அந்த அம்மாள் அரங்கத்தில் இருந்தவர்களைப் பதில் சொல்லும் நிலைமையில் வைத்துக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் நாங்கள் தப்பித்தோம். அவருடைய கணக்கைக் கண்ணீராக மாற்றிச் சொன்னதும் முழுசாகவே தப்பித்தோம். இதில் யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. கூட்டத்தின் உருவமே இதைச் செய்தது.

இந்த உருவம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி நம் அரசியல் கட்சிகளின் பொதுக்கூட்டத்திலிருந்து. அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. இந்த நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டின் நடுவில், சபைகளுக்கும் புலவர்களுக்கும் சொந்தமாக இருந்த தமிழை, முச்சந்தியில் நின்றவன் காதுக்குக் கொண்டுவந்தது அந்த மேடை. திராவிட இயக்கத்துப் படிப்பகங்களும் தெருமுனைக் கூட்டங்களும் இல்லாமல் நம்மில் பலருடைய தகப்பனார்கள் பேப்பர் படிக்கக் கற்றிருக்க மாட்டார்கள். ஆனாலும் அந்த மேடையின் அமைப்பு ஒரு வாயும் பல்லாயிரம் காதுகளும்தான். பேசுகிறவன் மாறலாம், கேட்கிறவன் மாறமாட்டான். கட்சி மேடை போனபின்பும், கட்சி சாராத சிறு குழுக்கள் அந்த அமைப்பை அப்படியே வாடகைக்கு எடுத்துக்கொண்டிருக்கின்றன, நாற்காலி உட்பட.

இன்னொரு பகுதி போலீஸ் இலாகாவிலிருந்து வந்தது. சென்னை நகரப் போலீஸ் சட்டம் 1888ஆம் வருஷத்தியது. அதன் 41ஆம் பிரிவின் கீழ், கூட்டமோ ஊர்வலமோ நடத்த ஐந்து நாள் முன்னதாக அனுமதி கேட்க வேண்டும் என்ற உத்தரவு பதினைந்து நாளைக்கு ஒரு முறை புதுப்பிக்கப்பட்டு வந்திருக்கிறது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடியவர்கள் யாருடைய மேடையும் இல்லாமல், செல்போன் வெளிச்சத்தில், ஒரு வாரம் உட்கார்ந்திருந்தார்கள். அதன் கோரிக்கையைப் பற்றி எனக்கு இன்றும் சந்தேகங்கள் உண்டு, உருவத்தைப் பற்றி இல்லை. ஒருவர் பேச ஆரம்பித்தால் சுற்றியிருந்தவர்கள் கேட்பார்கள், அலுத்தால் பத்தடி தள்ளி வேறு வட்டத்துக்குப் போவார்கள். அது கடைசி நாள் தடியடியில் முடிந்தது. அதற்குப் பிறகு மெரினாவில் போராட்டத்துக்கு உட்கார விடுவதில்லை. வள்ளுவர் கோட்டத்துக்கு அருகிலும் சேப்பாக்கத்திலும் தடுப்புக் கம்பிகளுக்கு நடுவே நடக்கும் ஆர்ப்பாட்டங்களில், முன்வரிசைக் கேட்பாளர்கள் பெரும்பாலும் போலீஸ்காரர்கள். கோஷம் அவர்களைப் பார்த்து எழுப்பப்படுகிறது. பின்னால் போகும் பஸ்ஸில் இருப்பவனுக்கு முதுகுகள் மட்டும் தெரிகின்றன. ஐம்பது பேர் தங்களுக்குத் தாங்களே உரக்கச் சொல்லிக்கொள்வது ஒரு கட்டத்தில் ஜபம் ஆகிவிடுகிறது.

இந்தப் பிரச்னை புதிது என்றோ, யாரும் யோசிக்கவில்லை என்றோ நான் சொல்லவில்லை. 1980ல் பாதல் சர்க்கார் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு வந்து நாடகப் பட்டறை நடத்தினார். கல்கத்தாவில் படச்சட்ட மேடையை விட்டு இறங்கி, பார்வையாளர்களுக்கு நடுவே, திறந்த வெளியில், டிக்கெட் இல்லாமல் நாடகம் போட்டவர். நடிகனுக்கும் பார்ப்பவனுக்கும் இடையில் இருந்த உயரத்தையும் இருட்டையும் எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதே அவர் கேள்வி. கூத்துப்பட்டறை 1977லும் பரீக்ஷா 1978லும் சென்னைக் கலைக்குழு 1984லும் தொடங்கின. அந்தச் சில வருஷங்களில் இந்த நகரத்தில் உருவம் பற்றிய யோசனையும் அரசியல் பற்றிய யோசனையும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தன. பிறகு எப்படியோ இரண்டும் தனித்தனியாக வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டன.

பிரேஸில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் இன்னும் ஒரு படி மேலே போனவர். பெரு நாட்டில் அவர் வேலை செய்துகொண்டிருந்தபோது நடந்ததாக அவரே சொல்லியிருப்பது இது. கணவனால் ஏமாற்றப்பட்ட ஒரு பெண்ணின் கதையை நடித்துக் காட்டினார்கள். அவள் என்ன செய்ய வேண்டும் என்று பார்வையாளர்களைக் கேட்டார்கள். பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண் ஒரு யோசனை சொன்னாள். நடிகை அதை நடித்தாள். 'இது இல்லை' என்றாள் அந்தப் பெண். மறுபடி நடித்தார்கள், மறுபடியும் 'இது இல்லை'. கடைசியில் வேறு வழியில்லாமல் அவளையே மேடைக்கு அழைத்தார்கள். அவள் ஏறிவந்து, தான் நினைத்தது என்ன என்பதைச் செய்து காட்டினாள். ஒருவருடைய சங்கடத்தை இன்னொருவர் எவ்வளவு நல்லெண்ணத்தோடு விளக்கினாலும் அதில் ஒரு பிசகு இருக்கும் என்பதும், அதைத் திருத்தச் சங்கடப்பட்டவருக்கு இடம் வைக்க வேண்டும் என்பதும் போவாலுக்கு அன்று தெரிந்தது. நம் கூட்டங்களுக்கு அளவுகோல் வேண்டுமென்றால் இதைவிடச் சுலபமான ஒன்றை நான் யோசிக்க முடியவில்லை. 'இது இல்லை' என்று சொல்ல முடிகிறதா?

சமீப காலத்து மூன்று நிகழ்ச்சிகளை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கிறேன்.

முதலாவது, 2015ல் பெசன்ட் நகரை ஒட்டிய மீனவர் கிராமத்தில் தொடங்கிய ஊரூர் ஆல்காட் குப்பம் விழா. பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் சுற்றுச்சூழல் ஊழியர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்துக்காரர்களும் சேர்ந்து செய்தது. சபாக்களில் மட்டும் கேட்கக் கிடைக்கும் கர்நாடக சங்கீதமும் பரதநாட்டியமும், சபாக்களுக்குள் வராத பறையும் கூத்தும் ஒரே மணலில், ஒரே மேடையில். 'மீனவனுக்கு எதற்குத் தோடி?' என்று அப்போது நம்மில் சிலர் கிண்டல் செய்தோம். கிண்டல் தவறான இடத்தில் விழுந்தது. அந்த விழாவில் உண்மையில் சங்கடப்பட்டவர் மீனவர் இல்லை. பத்து நிமிஷ நடையில் இருக்கும் ஒரு குப்பத்துக்குள் வாழ்நாளில் முதல் தடவையாக நுழைந்து, வழி கேட்டு, மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற பெசன்ட் நகர்வாசிதான். யார் யாருடைய இடத்துக்கு விருந்தாளியாகப் போகிறார் என்பதை அந்த விழா மாற்றியது. அது சிறிய விஷயமில்லை. பிறகு சென்னைக் கலைத் தெரு விழா என்ற பெயரில் அது வேறு இடங்களுக்கும் போனது. ஆனால் விருந்தாளி விருந்தாளியாகவே திரும்பிப் போய்விடலாம் என்ற சௌகரியமும் அதில் இருந்தது. நல்ல சங்கீதம் கேட்டோம், நல்ல மனிதர்களைப் பார்த்தோம் என்று வீடு திரும்பியவனிடம் 'இது இல்லை' என்று சொல்ல அங்கே யாருக்கும் அவகாசம் கிடைத்திருக்காது. விழா என்ற உருவத்துக்கே மரியாதை அதிகம், மறுப்பு குறைவு.

2016ல் மகசேசே விருது பெற்ற இந்தியர்கள் இருவர். ஒருவர் கிருஷ்ணா, மற்றவர் மலம் அள்ளும் தொழிலை ஒழிக்கப் பாடுபடும் சஃபாயி கர்மசாரி அந்தோலனின் பெஜவாடா வில்சன். நம் வட்டத்தில் முதல்வரைப் பற்றி மாதக்கணக்கில் விவாதம் நடந்தது. இரண்டாமவரைப் பற்றி ஒருவரும் வாயைத் திறந்ததாக எனக்கு ஞாபகமில்லை, நான் உட்பட.

இரண்டாவது, 2017 ஜனவரியில் வெளிவந்த புறம்போக்குப் பாடல். எண்ணூர் கழிமுகம் சாம்பல் கழிவாலும் ஆக்கிரமிப்பாலும் கெட்டுக்கொண்டிருப்பதைப் பற்றிக் கபேர் வாசுகி எழுத, கிருஷ்ணா ராகமாலிகையாகப் பாடியது. வரி விதிக்காமல் பொது உபயோகத்துக்கு விடப்பட்ட நிலத்துக்கு வருவாய்த் துறை வைத்த பெயர் புறம்போக்கு. அது எப்படி வசைச்சொல் ஆயிற்று என்ற கேள்வியையே பாட்டின் மையமாக வைத்தார்கள். இங்கே உருவம் வெறும் வாகனமாக இல்லை. ஆனந்தபைரவியிலும் பேகடாவிலும் சென்னைப் பேச்சு உட்காரும்போது, சங்கீதத்தில் எது உள்ளே எது புறம்போக்கு என்ற கேள்வியும் கூடவே எழுகிறது. நிலத்துக்குப் போட்ட வேலியும் ராகத்துக்குப் போட்ட வேலியும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. பிரசாரம் என்று ஒதுக்கியவர்கள் இதைக் கேட்கவில்லை, அதன் காரியத்தை மட்டும் பாராட்டியவர்களும் கேட்கவில்லை.

மூன்றாவது, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் நடந்த 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் கச்சேரி. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு. 1907ல் 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையை ஆரம்பித்த அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்த பெயர். சாவு வீட்டில் விடிய விடியப் பாடும் வடசென்னைக் கானாவை, பறையோடும் ராப்போடும் கிதாரோடும், கோட் சூட் போட்டுக்கொண்டு பாடினார்கள். மார்கழி சீசன் முடிகிற நேரத்தில், சபாவைக் கேட்காமல், சபாவுக்குப் போட்டியாகவும் நிற்காமல். இங்கே யாரும் யாருக்கும் இடம் கொடுக்கவில்லை, இடம் அவர்களுடையதாக இருந்தது. இட ஒதுக்கீட்டைப் பற்றியும் மாட்டுக்கறியைப் பற்றியும் அவர்கள் பாடியதில் அழுகை இல்லை, கேலி இருந்தது. கண்ணீரை எதிர்பார்த்துப் போகிற நல்லெண்ணக்காரனுக்கு அந்தக் கேலியே 'இது இல்லை' என்ற பதில். பாட்டுகள் எல்லாம் சமமான தரத்தில் இருந்தன என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் கோஷம் தாளத்தை இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அதைச் சொல்வதுதான் அவர்களுக்கு நான் காட்டும் மரியாதை. நல்ல காரியம் என்று மார்க் போட்டுவிட்டால், கலைஞனை மறுபடியும் பயனாளி ஆக்கிவிடுகிறேன்.

இதற்கு ஒரு மறுப்பு வரும். எல்லோர் கையிலும் மைக்கைக் கொடுத்துவிட்டால் கூட்டம் சந்தைக்கடை ஆகிவிடாதா? ஆகலாம். உருவம் வேண்டும் என்று நான் சொல்வது ஒழுங்கைக் குலைப்பதற்காக இல்லை, ஒழுங்கு யாருடைய சௌகரியத்துக்காக இருக்கிறது என்று பார்ப்பதற்காக. மூன்று நிமிஷம் என்ற விதி எல்லோருக்கும் இருந்திருந்தால் எனக்குக் குறை இல்லை. ஐந்து பேரும் கடைசியில் பேசி, விருந்தினர் முதலில் பேசியிருந்தால், கண்ணீர் என்ற வார்த்தையை அந்த அம்மாளே திருத்தியிருப்பார். நாற்காலிகளை வட்டமாகப் போட ஒரு பைசா செலவில்லை. இவையெல்லாம் சின்ன மாற்றங்கள். நடக்காமல் இருப்பதற்குக் காரணம், கூட்டத்தை நடத்துகிறவன் மனதில் கூட்டம் ஏற்கனவே முடிந்துவிட்டது என்பதுதான். முடிவு அவனுக்குத் தெரியும். வந்தவர்கள் அதற்குச் சாட்சிகள். எழுதுவதற்கு முன்பே முடிந்துவிட்ட கவிதையை நாம் எப்படி நடத்துகிறோம் என்று நண்பருக்குத் தெரியும்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அன்று அந்த அரங்கத்தில் 'அம்மா, நேரம்' என்று சொன்னபோது, 'அவர் கணக்கை முடிக்கட்டும்' என்று ஒரு குரல் எழுந்திருந்தால் போதும். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குக் குரல் இருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. நல்ல காரியம் செய்கிறார்கள், இடையூறு செய்யக்கூடாது என்று நினைத்தேன். என் கவிஞ நண்பரின் பெருந்தன்மை என்னிடமும் இருந்தது. அலட்சியம் என்று மேலே அவரைச் சொன்னது என்னையும் சேர்த்துத்தான்.

நன்றியுரைக்கு முன்பே கடைசி வரிசைப் பெண்கள் எழுந்துவிட்டார்கள், பஸ்ஸுக்காக. நான் வெளியே வந்தபோது நிறுத்தத்தில் அந்த அம்மாள், கூட வந்த இரண்டு பேரிடம் விரல் விட்டு மிச்சத்தைக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒருத்தி, 'கரண்டு பில்லை விட்டுட்டியேக்கா' என்றாள். அவர் நிறுத்தி, ஆமாம் என்று சொல்லி, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அந்த இரண்டு மணி நேரத்தில் நான் கேட்ட ஒரே கூட்டம் அதுதான். பஸ் வந்துவிட்டது. தொகை என்னவென்று எனக்குத் தெரியாது.